போட்டோகிராஃபி போர்ட்ஃபோலியோ வெப்சைட்: எந்த மென்பொருளில் தொடங்கலாம்? சேலம், ஏற்காடு போட்டோகிராஃபர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முகூர்த்த நாளில் மண்டபம் மண்டபமாக ஓடும் வெட்டிங் போட்டோகிராஃபர், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளுக்குக் கொலுசு கேட்டலாக் எடுப்பவர், ஏற்காட்டில் பிரீ-வெட்டிங்கும் ரிசார்ட் படங்களும் எடுப்பவர் என்று பலரும் முதல்முறை சொந்த வெப்சைட் போடும்போது கேட்கும் கேள்விகள் இவை. கோடிங் ஒரு வரிகூடத் தெரியாது என்று வைத்துக்கொண்டே பதில் சொல்கிறோம்.

எல்லாப் பதிலுக்கும் அடியில் ஒரே அளவுகோல்தான் இருக்கிறது. முகூர்த்தம் முடிந்து வீடு திரும்பிய இரவில், யாரையும் போனில் கூப்பிடாமல், நீங்களே 20 நிமிடத்தில் ஒரு புது ஆல்பத்தை ஏற்ற முடிய வேண்டும். அது முடியாவிட்டால் எவ்வளவு அழகான வெப்சைட்டும் போன வருடப் படத்தோடு அப்படியே நின்றுவிடும்.

ஆர்டர் எல்லாம் இன்ஸ்டாகிராமில்தான் வருகிறது. வெப்சைட் தேவைதானா?

வருகிற ஆர்டர் அங்கேயே வரட்டும். ஆனால் இன்ஸ்டாகிராமில் படங்கள் தேதி வரிசையில் புதைந்து போகின்றன. ஏற்காட்டில் ஒரு ரிசார்ட் மேலாளர் "ரூம், டைனிங் ஹால் எடுத்த படம் இருந்தால் அனுப்புங்க" என்று கேட்டால், 400 கல்யாணப் பதிவுகளுக்கு நடுவே அவராகத் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார். அந்த 15 படங்கள் மட்டும் இருக்கும் ஒரு லிங்க் உங்களிடம் இருக்க வேண்டும். அக்கவுண்ட் முடங்கினால் மொத்தமும் ஒரே நாளில் கைவிட்டுப் போகும் ஆபத்தும் இருக்கிறது.

மாதம் இரண்டு கல்யாணம், அதுவும் தெரிந்தவர் மூலமாகவே வருகிறது என்றால் அவசரம் இல்லை. கூகுள் தேடலிலும் மேப்பிலும் உங்கள் ஸ்டூடியோவைக் காட்டும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலை இலவசமாகத் திறந்து, நல்ல படம் 20 ஏற்றி வையுங்கள். அதுவே ஒரு வருடத்துக்குப் போதும்.

மென்பொருளைத் தேடும் முன் எதைத் தயார் செய்ய வேண்டும்?

படங்களைத்தான். டெம்ப்ளேட் பார்த்து மயங்கிப் பணம் கட்டிவிட்டு, பிறகு படம் தேடுவது தலைகீழ் வேலை. கம்ப்யூட்டரில் மூன்று அல்லது நான்கு ஃபோல்டர் போடுங்கள்: திருமணம், பொருள் படங்கள், ரிசார்ட், குழந்தைகள் என்று உங்கள் வேலைக்கு ஏற்றபடி. ஒவ்வொன்றிலும் 20 முதல் 25 படம், அதற்கு மேல் வேண்டாம். ஒரே தாலி கட்டும் காட்சி நான்கு கோணத்தில் இருந்தால் ஒன்றை மட்டும் வையுங்கள்.

நீங்கள் இனி எடுக்க விரும்பாத வேலையைப் போர்ட்ஃபோலியோவில் போடாதீர்கள். பாஸ்போர்ட் சைஸ் படம் ஸ்டூடியோ வாடகையைக் கட்டலாம். ஆனால் அதைப் பார்த்து வருகிறவர் அதற்குத்தான் வருவார்.

சரி, எந்த மென்பொருள்?

ஏற்கெனவே எதற்குப் பணம் கட்டுகிறீர்கள் என்பதில் தொடங்குங்கள்.

லைட்ரூமுக்கும் போட்டோஷாப்புக்கும் அடோபியில் சந்தா கட்டுகிறவருக்கு அடோபி போர்ட்ஃபோலியோ கூடுதல் கட்டணம் இல்லாமலே கிடைக்கிறது. பலர் இதை அறியாமல் வேறு இடத்தில் மறுபடி பணம் கட்டுகிறார்கள். ஒரே சந்தாவில் ஐந்து சைட் வரை வைக்கலாம். ஆகவே கல்யாணத்துக்கு ஒன்று, கொலுசு கேட்டலாக் வேலைக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம். கிளவுடில் இருக்கும் லைட்ரூம் ஆல்பத்தை நேராக இழுத்துக்கொள்ளும். சொந்த டொமைனையும் (உங்கள் பெயரில் பதிவாகும் இணைய முகவரி) இணைக்கலாம், ஆனால் டொமைனை வெளியே வாங்க வேண்டும். கடை வசதி கிடையாது. சந்தாவை நிறுத்தினால் சைட்டும் நின்றுவிடும். கோடிங் தெரியாத, அடோபி சந்தா உள்ள ஒருவருக்கு எங்கள் முதல் சிபாரிசு இதுதான்.

கல்யாணமே முக்கிய வேலை, கிளையண்ட் படம் தேர்ந்தெடுக்கும் கேலரியும் வேண்டும் என்றால் பிக்ஸ்பா அல்லது பிக்ஸிசெட் பாருங்கள். பிக்ஸ்பா இந்தியாவிலிருந்து இயங்குகிறது. போர்ட்ஃபோலியோ, கிளையண்ட் கேலரி, கடை, பிளாக் எல்லாம் ஒரே இடத்தில் வருகின்றன. பிக்ஸிசெட் கிளையண்ட் கேலரியில் பெயர் எடுத்தது. 3 ஜிபி வரை இலவசமாகத் தொடங்கலாம்.

விக்ஸ் எதையும் எங்கே வேண்டுமானாலும் இழுத்து வைக்க விடும். அதுவே அதன் பலமும் பலவீனமும். பக்கத்தை ஒழுங்காக அமைக்கப் பழக்கம் இல்லாதவர் கையில் எழுத்து ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் என்று சிதறும். கிளாசிக் எடிட்டரில் போனுக்கான அமைப்பைத் தனியாகச் சரிசெய்ய வேண்டும். கம்ப்யூட்டரில் அழகாக இருந்தது போனில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பது அதைச் செய்யாததால்தான். ஒருமுறை டெம்ப்ளேட் எடுத்து வேலையைத் தொடங்கிய பிறகு அதே சைட்டில் வேறு டெம்ப்ளேட்டுக்கு மாற முடியாது. அதனால் அரைநாள் செலவழித்தாவது டெம்ப்ளேட்டை முதலில் முடிவு செய்யுங்கள்.

ஸ்க்வேர்ஸ்பேஸில் சுதந்திரம் குறைவு, தவறு செய்யும் வாய்ப்பும் குறைவு. படங்கள் பெரிதாக, சுற்றிலும் வெற்றிடத்தோடு நிற்கும். நிரந்தர இலவசத் திட்டம் இல்லை. 14 நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். ரிசார்ட், இயற்கை, ஃபைன் ஆர்ட் படங்களுக்கு இது பொருந்துகிறது.

ஒரு ரூபாயும் செலவழிக்கும் நிலையில் இல்லை என்றால் கூகுள் சைட்ஸ். நான்கு பக்கம், பக்கத்துக்கு 15 படம், ஒரு வாட்ஸ்அப் லிங்க் என்று எளிமையாக வையுங்கள். பார்க்கச் சாதாரணமாக இருந்தாலும் வேலை செய்யும்.

ட்ரையல் காலத்தில் எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்?

டெம்ப்ளேட்டோடு வரும் மாதிரிப் படங்கள் எல்லாவற்றையும் அழகாகக் காட்டும். அவற்றை நீக்கிவிட்டு உங்கள் படங்களைப் போட்ட பிறகுதான் உண்மை தெரியும்.

முதல் நாளே 25 படங்களை ஒரே தடவையில் ஏற்றிப் பாருங்கள். ஒவ்வொன்றாகத்தான் ஏற்ற வேண்டும் என்றால் அந்த மென்பொருளை அத்தோடு விட்டுவிடலாம். அடுத்து, ஏற்றிய வரிசையில் ஏழாவது படத்தை முதலிடத்துக்கு விரலால் இழுத்துக் கொண்டுவாருங்கள், அதுவும் போனில். மூன்று செங்குத்துப் படங்களையும் நான்கு கிடைமட்டப் படங்களையும் கலந்து வையுங்கள். சில கேலரி அமைப்புகள் எல்லாவற்றையும் சதுரமாக வெட்டும். உயரமான மாப்பிள்ளையின் தலைப்பாகை முதலில் போகும்.

பிறகு தமிழில் ஒரு தலைப்பு அடித்துப் பாருங்கள். இதைப் பற்றிக் கீழே தனியாகவே எழுதியிருக்கிறோம். கடைசியாக, வைஃபையை அணைத்துவிட்டு, வீட்டில் இருப்பதிலேயே பழைய ஆண்ட்ராய்டு போனில் மொபைல் டேட்டாவில் திறங்கள். உங்கள் லிங்க்கைப் பார்க்கிறவர் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் காரில், சிக்னல் விட்டுவிட்டு வரும் நேரத்தில் பார்க்கலாம். முதல் படம் மூன்று, நான்கு விநாடிக்குள் தெரியாவிட்டால் அவர் அடுத்தவரின் லிங்க்கைத் தொட்டுவிடுவார். கம்ப்யூட்டரில் குரோம் பிரௌசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் மெதுவான இணைப்பைத் தேர்ந்தெடுத்தும் இதே சோதனையைச் செய்யலாம்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு மாலை நேரம் போதும். பணம் கட்டுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இலவசத் திட்டத்திலேயே காலத்தை ஓட்டலாமா?

பழகிப் பார்க்க இலவசம் நல்லது. கல்யாண வீட்டாரிடம் விலைப்பட்டியலோடு கொடுக்கும் முகவரிக்கு அது பொருந்தாது. விக்ஸின் இலவசத் திட்டத்தில் அவர்கள் விளம்பரம் உங்கள் படத்துக்கு மேலே நிற்கும். இடமும் 500 எம்பிதான்.

இதைவிடப் பெரிய விஷயம், அந்த முகவரி உங்களுடையது அல்ல என்பது. கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலோடு இலவசமாக வந்த குட்டி வெப்சைட்டுகளை நாடெங்கும் நிறைய சிறு கடைகள் வைத்திருந்தன. 2024 மார்ச்சில் கூகுள் அந்தச் சேவையையே மூடியது. விசிட்டிங் கார்டிலும் கடைப் பலகையிலும் அச்சடித்த முகவரிகள் சில மாதங்களில் செத்துப்போயின. சொந்த டொமைன் வைத்திருந்தவர்கள் அதை வேறு சைட்டுக்குத் திருப்பிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். மென்பொருள் இலவசமாக இருக்கட்டும், டொமைனை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள்.

டொமைன் வாங்கும்போது எதில் கவனம் வேண்டும்?

உங்கள் பெயரில், உங்கள் இமெயிலில், உங்கள் போன் நம்பரில் பதிவாக வேண்டும். வெப்சைட் செய்து தருகிற தம்பி அவர் அக்கவுண்டில் வாங்கிக் கொடுத்தால், அவர் ஊர் மாறிய பிறகு உங்கள் ஸ்டூடியோ பெயர் அவர் கையில் இருக்கும். நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

டாட் இன், டாட் காம் இரண்டில் எது கிடைத்தாலும் சரி. பெயரை போனில் சொன்னால் எழுத்துப் பிழை இல்லாமல் அடிக்க முடிய வேண்டும். நடுவில் கோடு, எண் வேண்டாம். முதல் வருட விலையைப் பார்க்காமல் புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள். டாட் காம் வாங்கியதும் இமெயிலைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு கடிதம் வரும். அதில் உள்ள லிங்க்கை 15 நாளுக்குள் அழுத்தாவிட்டால் டொமைன் நிறுத்தப்படும். "நேற்று வரை வந்தது, இன்று சைட் திறக்கவில்லை" என்று புதிதாக வாங்கியவர்கள் பதறினால், முதலில் ஸ்பாம் ஃபோல்டரில் அந்தக் கடிதத்தைத் தேடுங்கள்.

டொமைனை சைட்டோடு இணைத்த பின் எல்லா இடத்திலும் தெரிய 48 மணி நேரம் வரை ஆகலாம். அதற்குள் பொறுமை இழந்து அமைப்பைத் திரும்பத் திரும்ப மாற்றினால் குழப்பம்தான் கூடும்.

வேர்ட்பிரஸ்தான் நல்லது என்கிறார்களே?

வேர்ட்பிரஸ் 2003 முதல் இருக்கும் திறந்த மூல மென்பொருள். மென்பொருளுக்குக் காசு இல்லை, ஹோஸ்டிங்குக்கு (சைட்டை வைக்கும் சர்வர் இடத்தின் வாடகை) உண்டு. உங்கள் படங்களும் எழுத்தும் முழுக்க உங்கள் கையில் இருப்பது இதன் பெரிய பலம். எந்த ஹோஸ்டிங்குக்கும் மூட்டை கட்டிக்கொண்டு போகலாம்.

ஆனால் பராமரிப்பும் உங்கள் தலையில்தான். மாதம் ஒருமுறை பேக்கப் எடுத்து, தோற்றத்தைத் தரும் தீம், கூடுதல் வசதிகளைத் தரும் பிளகின்கள் இரண்டையும் அப்டேட் செய்யாவிட்டால், ஓட்டையுள்ள ஒரு பழைய பிளகின் வழியாக யாரோ உள்ளே வந்து உங்கள் பக்கத்தில் சூதாட்ட லிங்க்குகளை ஒட்டிவிட்டுப் போவார்கள். ஐப்பசி, தை மாத சீசனில் இதற்கு நேரம் ஒதுக்க முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் வேர்ட்பிரஸ் வேண்டாம்.

எடுத்தே ஆக வேண்டும் என்றால் சில விவரங்கள். சர்வர் மும்பையில் அல்லது சிங்கப்பூரில் இருக்கும் ஹோஸ்டிங்காகப் பாருங்கள். படம் ஏற்றும்போது "அளவு அதிகம்" என்று பிழை வந்தால், சர்வரில் பிஎச்பியின் (வேர்ட்பிரஸை இயக்கும் கணினி மொழி) அப்லோட் வரம்பு குறைவாக இருக்கிறது. ஹோஸ்டிங் பேனலில் 16 எம்பிக்கு உயர்த்துங்கள். பதிப்பு 5.3 முதல் 2560 பிக்சலுக்கு மேற்பட்ட படங்களை வேர்ட்பிரஸ் தானாகச் சுருக்குகிறது. நீங்களே 2048 பிக்சலில் கொடுத்தால் அந்த வேலை மிச்சம். பத்துக்கு மேல் பிளகின் போடும் ஆசையை அடக்குங்கள்.

வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்?

விளம்பரத்தில் காட்டும் மாத விலை பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 10 டாலர் என்றால் வருடத்துக்கு 120 டாலர். டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 10,800 ரூபாய். அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்தால் 12,744. கார்டின் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் 3.5 சதவீதம் என்றால் இன்னும் சுமார் 450. ஆக 13,200 ரூபாய் அளவில் நிற்கும். டொமைன் தனி. ரூபாயிலேயே வாங்கிக்கொள்ளும் நிறுவனம் என்றால் கார்டு கட்டணம் மிச்சமாகும்.

பணம் கட்டும்போது கார்டு மறுக்கப்பட்டால் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைந்திருக்கும், அதைத் திறந்துவிடுங்கள். தானாகப் புதுப்பிக்கும் சந்தாக்களுக்கு ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. வங்கி முன்கூட்டியே அறிவிப்பு அனுப்பும். 15,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். அந்தச் செய்தியைக் கவனிக்காமல் விட்டால் சந்தா புதுப்பிக்கப்படாமல் சைட் மூடிக்கொள்ளும். புதுப்பிக்கும் தேதியை சுவர் காலண்டரில் குறித்து வைப்பது இன்றும் நல்ல வழி.

படங்களை எந்த அளவில் ஏற்ற வேண்டும்?

24 மெகாபிக்சல் கேமராவின் ஜேபெக் படம் 6000க்கு 4000 பிக்சல், ஏறத்தாழ 10 எம்பி. அப்படியே 30 படம் ஏற்றினால் பக்கம் 300 எம்பி. அதே படத்தை நீளப் பக்கம் 2048 பிக்சல், தரம் 80 என்று எடுத்தால் சுமார் அரை எம்பியில் முடிந்துவிடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. லைட்ரூமில் எக்ஸ்போர்ட் பெட்டியில் ஜேபெக், எஸ்ஆர்ஜிபி (வெப்சைட்டுக்குப் பொருந்தும் நிற அமைப்பு), நீளப் பக்கம் 2048, ஷார்ப்பனிங் திரைக்கு, அளவு ஸ்டாண்டர்ட் என்று வைத்து ஒரு ப்ரீசெட்டாகச் சேமியுங்கள். லைட்ரூம் இல்லாதவர்களுக்கு டார்க்டேபிள் இலவசம். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை எடுத்து ஏற்றாதீர்கள். அது ஏற்கெனவே நசுங்கிய படம்.

ஏற்காட்டுப் படங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். பகோடா பாயிண்டிலோ ஏரிக்கரையிலோ எடுத்த மூடுபனிப் படத்தில் சாம்பலிலிருந்து வெள்ளைக்கு நிறம் மெல்ல மெல்ல நகரும். தரத்தை 50, 60க்கு இறக்கினால் அந்த நகர்வு பட்டை பட்டையாக உடையும். பனி, படிக்கட்டு மாதிரி தெரியும். மென்பொருள் தன் பங்குக்கு ஒருமுறை சுருக்குவதால் வீட்டில் சரியாக இருந்த படம்கூட சைட்டில் உடைகிறது. பனிப் படங்களை மட்டும் தரம் 85 முதல் 90 வரை வையுங்கள். லைட்ரூமில் கிரெயின் 10 அளவு சேருங்கள். நுண்ணிய புள்ளிகள் அந்தப் பட்டைகளை மறைத்துவிடும். கோப்பு கொஞ்சம் பெருக்கும், பரவாயில்லை. காப்பிச் செடி பூக்கும் நாட்களில் எடுத்த க்ளோசப்புக்கு இது தேவையில்லை. இலைகளும் பூக்களும் நிறைந்த படத்தில் பட்டை தெரியாது.

கொலுசுப் படங்களில் சிக்கல் வேறு. ஷார்ப்பனிங்கை அதிகமாக வைத்தால் ஒவ்வொரு முத்தைச் சுற்றியும் வெள்ளை வளையம் விழும். வெள்ளி பிளாஸ்டிக் போலத் தெரியும். இவற்றுக்கு லோ போதும். தூய வெள்ளைப் பின்னணியில் எடுத்த படத்தை வெள்ளைப் பக்கத்தில் வைத்தால் கொலுசின் ஓரம் கரைந்துவிடும். பக்கத்தின் நிறத்தை மிக இளஞ்சாம்பலாக மாற்றினாலே வெள்ளி எழுந்து நிற்கும். முழு ஜோடிக்கு ஒரு படம், கொக்கிக்கும் வேலைப்பாட்டுக்கும் தனி க்ளோசப் என்று கொடுங்கள். பட்டறைக்காரர் முதலில் பெரிதாக்கிப் பார்ப்பது அந்தக் கொக்கியைத்தான்.

ஏற்றிய படத்தில் பட்டுப்புடவையின் சிவப்பு மங்கித் தெரிகிறதே?

கேமராவிலோ எக்ஸ்போர்ட்டிலோ அடோபி ஆர்ஜிபி என்ற வேறு நிற அமைப்பு இருக்கிறது. படத்தை எஸ்ஆர்ஜிபியில் மறுபடி எடுத்து ஏற்றுங்கள்.

தமிழ் எழுத்து ஏன் சரியாக வரவில்லை?

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

ஆல்பம் டிசைனில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்துப் பழகியவர்கள் அதையே வெப்சைட்டில் ஒட்டுகிறார்கள். அவை யூனிகோட் (எல்லாக் கருவியும் ஒரேபோலப் படிக்கும் எழுத்துக் குறியீடு) அல்ல. போட்டோஷாப்பில் "திருமணம்" என்று தெரிந்தது வெப்சைட்டில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கலவையாக வரும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியில் யூனிகோடாக மாற்றி ஒட்டுங்கள், அல்லது போன் கீபோர்டில் நேராக அடித்துவிடுங்கள். எழுத்தைப் படமாக்கி ஏற்றுவது தீர்வாகாது. போனில் அது படிக்க முடியாத அளவுக்குச் சுருங்கும். கூகுள் தேடலுக்கும் உதவாது.

இரண்டாவது, டெம்ப்ளேட்டின் எழுத்துருவில் தமிழே இருக்காது. பிரௌசர் கையில் கிடைத்த தமிழ் எழுத்தைப் போட்டு ஒப்பேற்றும். ஆங்கிலம் மெலிதாக, தமிழ் தடிப்பாக, ஒரே வரியில் இரண்டு ஊர் மாதிரி நிற்கும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன், மீரா இனிமை எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாக இருக்கின்றன. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவோ ஏற்றவோ மென்பொருளில் வழி இருக்கிறதா என்று ட்ரையலிலேயே பாருங்கள். சாதாரணம் ஒன்று, தடிப்பு ஒன்று என இரண்டு வகை போதும். கூடினால் பக்கம் கனக்கும்.

மூன்றாவதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. போட்டோகிராஃபி டெம்ப்ளேட்டுகளில் தலைப்பு எழுத்துகளுக்கு நடுவே நிறைய இடைவெளி வைத்திருப்பார்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு அது பொருந்தும். தமிழில் "நிச்சயதார்த்தம்" என்று அடித்தால் சொல்லாகத் தெரியாமல் எழுத்தெழுத்தாகச் சிதறி நிற்கும். எழுத்து இடைவெளியை சுழியமாக்குங்கள். வரி இடைவெளியை 1.6க்கு உயர்த்துங்கள். இல்லாவிட்டால் மேல் வரியின் உகரச் சுழியும் கீழ் வரியின் இகரக் கொக்கியும் முட்டிக்கொள்ளும்.

ஒரு கல்யாணத்தின் 1500 படங்களையும் இதே சைட்டில் கொடுக்கலாமா?

வேண்டாம். போர்ட்ஃபோலியோ வேறு, டெலிவரி வேறு. அதற்குக் கடவுச்சொல் போட்ட கிளையண்ட் கேலரியோ டிரைவ் ஃபோல்டரோ பயன்படுத்துங்கள். கூகுளின் இலவச இடம் 15 ஜிபிதான். அதில் உங்கள் ஜிமெயிலும் அடக்கம். ஒன்றிரண்டு கல்யாணத்தில் நிரம்பி, புது மெயில் வருவது நின்றுவிடும்.

நான் எடுத்த கல்யாணப் படத்தைப் போட யாரிடம் கேட்க வேண்டும்?

"படம் எடுத்தது நான், உரிமையும் எனக்குத்தான்" என்று பலர் நம்புகிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவு வேறுவிதமாகச் சொல்கிறது. ஒருவர் பணம் கொடுத்து, அவர் கேட்டுக்கொண்டபடி எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, மாற்று ஒப்பந்தம் இல்லாத வரை அவரே முதல் உரிமையாளர். ஆகவே புக்கிங் ரசீதிலேயே ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள்: "இந்நிகழ்ச்சியில் எடுக்கப்படும் படங்களில் தேர்ந்தெடுத்தவற்றைப் போட்டோகிராஃபர் தம் வெப்சைட்டிலும் சமூக ஊடகங்களிலும் காட்டச் சம்மதிக்கிறோம்." பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் இரு பக்கமும் கையெழுத்து இருந்தால் நல்லது. சம்மதம் இல்லை என்றால் மனமுவந்து விட்டுவிடுங்கள். குழந்தைகள் படத்துக்குப் பெற்றோரிடம் தனியாகக் கேளுங்கள்.

எக்ஸ்போர்ட் பெட்டியில் இருப்பிடத் தகவலை நீக்கும் தேர்வையும் டிக் செய்யுங்கள். போனிலோ ஜிபிஎஸ் உள்ள கேமராவிலோ எடுத்த படத்தில் கிளையண்ட் வீடு எங்கே என்பது புதைந்திருக்கும்.

"சேலம் வெட்டிங் போட்டோகிராஃபர்" என்று தேடினால் என் சைட் வரவில்லை. ஏன்?

புது சைட் கூகுளில் ஏற நாட்களிலிருந்து சில வாரங்கள் வரை ஆகும். அதற்குப் பிறகும் சைட்டே இல்லாததுபோல் இருந்தால் முதலில் பூட்டு திறந்திருக்கிறதா பாருங்கள். வேர்ட்பிரஸில் செட்டிங்ஸ், ரீடிங் பக்கத்தில் தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் ஒரு டிக் இருக்கும்; சைட் கட்டும்போது போட்டுவிட்டு எடுக்க மறந்திருப்பார்கள். மற்ற மென்பொருள்களில் சைட்டுக்குக் கடவுச்சொல் போட்டபடியே இருக்கும்.

பக்கத் தலைப்பு "ஹோம்" என்று இருந்தால் கூகுளுக்கு எதுவும் புரியாது. ஊரும் வேலையும் தலைப்பில் வரட்டும். நம் ஊரில் பெரும்பாலோர் ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள், அதனால் தலைப்பில் ஆங்கிலமும் உள்ளே தமிழும் கலந்து வையுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை (படத்தை விவரிக்கும் வரி) எழுதுங்கள்: "ஏற்காடு காப்பித் தோட்டத்தில் பிரீ-வெட்டிங், காலைப் பனி" என்ற அளவில். ஒவ்வொரு ஆல்பத்துக்கும் மேலே இரண்டு வரி எழுதினாலே படம் மட்டும் இருக்கும் பக்கத்தைவிட முன்னே போகும். சைட் உரிமையாளர்களுக்கான கூகுள் சர்ச் கன்சோலில் சைட் மேப்பை (சைட்டின் பக்கப் பட்டியல்) சேர்ப்பது இலவசம்.

வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பினால் படம் தெரியவில்லை, பட்டனும் வேலை செய்யவில்லை.

பட்டனில் நம்பரை 91இல் தொடங்கி பத்து இலக்கத்தோடு எழுத வேண்டும். முன்னால் கூட்டல் குறி, சுழியம், நடுவில் இடைவெளி எதுவும் கூடாது. லிங்க்கோடு தெரியும் படத்தை மென்பொருளின் சோஷியல் ஷேரிங் பகுதியில் தனியாக ஏற்ற வேண்டும்: 1200க்கு 630 பிக்சல், 300 கேபிக்குள். படத்தை மாற்றிய பிறகும் பழையதே வந்தால் வாட்ஸ்அப் அதை நினைவில் வைத்திருக்கிறது. லிங்க்கின் கடைசியில் ஒரு கேள்விக்குறியும் எண்ணும் சேர்த்து அனுப்பினால் புதுப் படம் வரும்.

இரண்டு வருடம் கழித்து வேறு மென்பொருளுக்கு மாற முடியுமா?

டிசைனை எடுத்துப் போக முடியாது. விக்ஸ், அடோபி போர்ட்ஃபோலியோ போன்றவற்றில் கட்டிய பக்கம் அங்கேயே தங்கிவிடும். எடுத்துப் போகக்கூடியவை படமும் எழுத்தும் டொமைனும்தான். அதனால் சைட்டுக்காக எடுத்த 2048 பிக்சல் படங்களை வரிசை எண்ணோடு ஹார்ட் டிஸ்கில் தனி ஃபோல்டரில் வையுங்கள். தலைப்புகளையும் வரிகளையும் அதே ஃபோல்டரில் ஒரு டாக்குமெண்டாகப் போடுங்கள். இது இருந்தால் புது இடத்தில் சைட் கட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

மாறும் நாளில் வரிசை முக்கியம். புது சைட்டைத் தற்காலிக முகவரியில் முழுதாகக் கட்டி முடியுங்கள். முதல் நாளே டொமைனின் டிஎன்எஸ் பகுதியில் (டொமைன் எங்கே போக வேண்டும் என்று குறிக்கும் இடம்) டிடிஎல் மதிப்பை, அதாவது பழைய விவரத்தை எத்தனை விநாடி நினைவில் வைக்கலாம் என்பதை, 300 ஆக்குங்கள். அப்போதுதான் மாற்றம் சீக்கிரம் பரவும். மறுநாள், டொமைனை சைட்டுக்குத் திருப்பும் ஏ ரெக்கார்டையும் சிநேம் ரெக்கார்டையும் மட்டும் புது மென்பொருள் கொடுக்கும்படி மாற்றுங்கள். டொமைனில் இமெயில் வைத்திருந்தால் மெயிலை வழிநடத்தும் எம்எக்ஸ் ரெக்கார்டைத் தொடாதீர்கள். தொட்டால் கிளையண்ட் மெயில் வராது. டொமைனை வேறு நிறுவனத்துக்கு மாற்ற வேண்டிய தேவையே இதில் இல்லை. இரண்டு வாரம் இரண்டு சைட்டும் இருக்கட்டும். புதியது எல்லா போனிலும் திறக்கிறது என்று உறுதியான பின், பழைய சந்தாவையும் அதற்கு வங்கியில் கொடுத்த தானியங்கிக் கட்டண அனுமதியையும் சேர்த்தே ரத்து செய்யுங்கள்.